வண்டி ஏன் தூக்கிப் போடுகிறது?

ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேர் வீதிகளில் அசைந்து வருவதை வாசகர்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பெரிய தேரில் சாலை அதிர்வைத் தாங்க ஒரு வில்கூடக் கிடையாது. சக்கரம், அச்சு, அச்சின்மேல் தேர், அவ்வளவுதான். சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறினால் தேரும் அதே அளவு ஏறும். இருந்தும் அதனால் தொல்லை இல்லை. ஏனெனில் தேர் மனித நடையைவிட மெதுவாகவே நகர்கிறது.

இனி அதே ஊர் வழியாகச் செல்லும் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலைக்கு வருவோம். அங்கே ஒரு ஜீப் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதாவது, விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். எதிரே 5 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மேடு. அதன் ஏறுசரிவின் நீளம் அரை மீட்டர் என்று கொள்வோம். சக்கரம் அந்த 5 சென்டிமீட்டரையும் விநாடியில் 33-இல் ஒரு பங்கு நேரத்துக்குள் ஏறியாக வேண்டும். வில்லே இல்லாத வண்டியானால், உள்ளே இருப்பவர்களும் அதே நேரத்துக்குள் அதே உயரம் எறியப்படுவர். அப்போது ஏற்படும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 20 மடங்குக்கும் மேல்! எலும்பு தாங்குமா?

இதைத் தவிர்க்கத்தான் வில் தேவைப்பட்டது. நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாரம் ஏற்றும் கட்டை வண்டிக்கும், வீட்டார் ஏறிச் செல்லும் வில்வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை அனுபவித்தே சொல்வார்கள். வில்வண்டியின் அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். இன்றைய ஜீப்பின் பின்புறத்தில் இருப்பதும் அந்தப் பட்டைவில்லின் வழித்தோன்றலே. பொலிரோ போன்ற வண்டிகளில் பின்னால் பட்டைவில் இருக்கிறது. ஸ்கார்பியோ போன்றவற்றில் பின்னாலும் சுருள்வில் இருக்கிறது.

அப்படியானால், வில் இருந்தும் சில வண்டிகள் ஏன் தூக்கித் தூக்கிப் போடுகின்றன? அதிலும், "புது உருப்படிகள் மாற்றிய பிறகுதான் மோசமாகிவிட்டது" என்று சிலர் சொல்வது ஏன்?

ஒரு பால்வண்டியின் கதை

ஒரு வண்டியைக் கற்பனை செய்துகொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றாலே பால்கோவா நினைவுக்கு வரும். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து தினமும் காலையில் பால் கேன்களை ஏற்றிவரும் ஜீப் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தாரை ஏற்றிச் செல்வதும் அதுவே. வாங்கி எட்டு ஆண்டுகள் ஆயின. வண்டி குலுங்குகிறது என்று உரிமையாளர் நான்கு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினார். பாரம் ஏற்றும்போது பின்பக்கம் தாழ்கிறதே என்று பக்கத்துக்கு இரண்டு லீஃப் சேர்த்தார். முன்சக்கரங்களின் ரப்பர் புஷ்களையும் மாற்றினார். டயரில் 45 பவுண்டு காற்று அடித்தார்.

பயன்? வண்டி முன்னைவிடக் கடினமாகிவிட்டது. முதுகுவலி உள்ள பாட்டி, "நான் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டார். அடுத்து எதை மாற்றலாம் என்று உரிமையாளர் யோசிக்கிறார். நாம் அவரைச் சற்று நிறுத்தி, எதையும் மாற்றாமல் ஆராய்ந்து பார்ப்போம்.

வில்லின் கணக்கு

இங்கிலாந்து அறிஞர் ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி உங்களுக்குத் தெரியும்: வில்லின் நீட்சி, அதன்மேல் செயல்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அமுக்கத்துக்கும் இதுவே பொருந்தும். வில்லை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை நியூட்டன் விசை வேண்டுமோ, அதுவே அந்த வில்லின் விறைப்பு.

வில்லின்மேல் ஒரு நிறையை வைத்துத் தட்டினால், அது தனக்கே உரிய ஒரு வேகத்தில் மேலும் கீழும் ஆடும். விநாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதே இயல்பு அதிர்வெண். இதைக் கணிக்க எளிய வழி ஒன்று உண்டு. வண்டி அசையாமல் நிற்கும்போது, பாரத்தால் வில் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், அதிர்வெண் ஏறத்தாழக் கிடைத்துவிடும். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் விநாடிக்கு 1 முறை. 4 சென்டிமீட்டர்தான் அமுங்கினால் 2.5 முறை. சொகுசான கார்களில் இது 1 முதல் 1.5 வரை இருக்கும். நாம் நடக்கும்போது உடல் விநாடிக்கு இரண்டு முறை அளவில் ஏறி இறங்குகிறது. ஆகவே அந்த அளவு ஆட்டம் நமக்குப் பழகியதே. ஆனால், உட்கார்ந்திருக்கும் மனித உடல் விநாடிக்கு 4 முதல் 8 வரையிலான மேல்கீழ் அதிர்வைச் சிறிதும் விரும்புவதில்லை.

நம் பால்வண்டிக்கு வருவோம். வெறும் வண்டியில் ஒவ்வொரு பின்சக்கரத்தின் வில்லும் 250 கிலோகிராம் நிறையைத் தாங்குகிறது. ஐந்து பட்டைகள் கொண்ட வில்லின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். அமுக்கம் 8.2 சென்டிமீட்டர், அதிர்வெண் 1.75. நாற்பது லிட்டர் பால் கேன்கள் பத்து ஏற்றினால், பால் மட்டுமே 400 கிலோகிராமுக்கு மேல். பக்கத்துக்கு 200 கிலோகிராம் கூடும், அமுக்கம் 14.7 சென்டிமீட்டர், அதிர்வெண் 1.3 ஆகக் குறைகிறது. பாரம் ஏற்றிய ஜீப், வெறும் ஜீப்பைவிட மென்மையாகப் போவதன் காரணம் இதுதான். பாரத்துக்கென்று அமைத்த வில், பாரமின்றிப் போகும்போது விறைப்பாகவே இருக்கும். இது நோயன்று, ஜீப்பின் பிறவிக் குணம்.

இரண்டு பட்டைகள் கூடியதும் நிலை என்ன? பட்டைவில்லின் விறைப்பு ஏறத்தாழப் பட்டைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் உயரும். ஐந்து ஏழானால் விறைப்பு 42 நியூட்டன். வெறும் வண்டியில் அமுக்கம் 5.8 சென்டிமீட்டர்தான், அதிர்வெண் 2-ஐத் தாண்டிவிட்டது. பட்டையின் தடிமன் கூடினாலோ விளைவு இன்னும் கடுமை. விறைப்பு, தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதம். எனவே 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 7 மில்லிமீட்டர் பட்டை போட்டால், அந்தப் பட்டையின் விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர், முதுகெலும்புக்குத் தெரிந்துவிடும்!

தளர்ந்த வில்லும் கடினமாகுமா?

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. பழைய வில் தளர்ந்துவிட்டால் வண்டி மென்மையாகத்தானே போக வேண்டும்? அப்படியில்லை.

ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்த எஃகு வில்லின் விறைப்பு அநேகமாக மாறுவதில்லை. மாறுவது அதன் உயரம். வில் நிரந்தரமாகச் சற்றுக் குறுகிவிடுகிறது. அதனால் வண்டி தாழ்கிறது. சக்கரம் மேலேற இருக்கும் இடைவெளி குறைகிறது. அந்த இடைவெளியின் முடிவில், பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் முட்டு ஒன்று இருக்கிறது. சக்கரம் அளவு மீறி ஏறினால் இரும்பும் இரும்பும் மோதாமல் காப்பது அதன் வேலை. இடைவெளி 6 சென்டிமீட்டர் இருந்த இடத்தில் 2 சென்டிமீட்டர்தான் என்றால், சிறு மேட்டில்கூட அச்சு அந்த முட்டில் போய் இடிக்கும். அந்தக் கணத்தில் வண்டியைத் தாங்குவது வில்லன்று. அதைவிடப் பல மடங்கு விறைப்பான ரப்பர் கட்டை. பயணிக்குத் தெரிவதெல்லாம், "வில் கல்லாகிவிட்டது" என்பதே.

ஷாக் அப்சார்பரின் வேலை

பெயர் அதிர்ச்சியைத் தாங்குவதுபோல் இருந்தாலும், ஷாக் அப்சார்பரின் முக்கிய வேலை வில்லின் ஆட்டத்தை அடக்குவது. உருளைக்குள் எண்ணெய், அதில் சிறு துளைகள் கொண்ட பிஸ்டன். பிஸ்டன் நகர வேண்டுமானால் எண்ணெய் அத்துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போக வேண்டும். ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிறது. கரடுமுரடான பாதையில் ஓடி வந்த வண்டியில் மூன்று ஷாக் அப்சார்பர்கள் வெதுவெதுப்பாகவும் ஒன்று மட்டும் குளிர்ந்தும் இருந்தால், அந்த ஒன்று வேலை செய்யவில்லை என்று ஐயுறலாம்.

வில்லின் விசை, அது எவ்வளவு அமுங்கியது என்பதைப் பொறுத்தது. ஷாக் அப்சார்பரின் விசையோ, எவ்வளவு விரைவாக அமுங்குகிறது என்பதைப் பொறுத்தது. எனவே, மெல்லிய ஏற்ற இறக்கத்தில் அது இணங்கிப்போகும். கூரான கல்லில் சக்கரம் ஏறும்போது முரண்டு பிடிக்கும். வண்டிக்குரியதல்லாத, அளவுக்கு மீறி இறுக்கமான ஷாக் அப்சார்பரைப் பூட்டினால், ஒவ்வொரு சிறு கல்லும் இருக்கைவரை வந்து சேரும்.

எண்ணெய் கசிந்து செயலிழந்துவிட்டாலோ ஆபத்து வேறு வகை. வண்டியின் உடல் வில்லின்மேல் ஆடுவதுபோல், சக்கரமும் அச்சும் டயர் என்ற வில்லின்மேல் விநாடிக்குப் பத்து முறை அளவில் துள்ளும் இயல்புடையன. மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 10 மீட்டர். மீட்டருக்கு ஒரு வரப்பு வீதம் உள்ள மண்பாதையில் இந்த வேகத்தில் போனால், விநாடிக்குச் சரியாகப் பத்து உதைகள்! இதுவே ஒத்ததிர்வு. அடக்குவாரின்றிச் சக்கரம் துள்ளும். துள்ளும் கணத்தில் டயர் தரையை விட்டுவிடும். தரையில் பதியாத டயருக்கு பிரேக்கும் இல்லை, திசையும் இல்லை. ஆகவே இதை வெறும் சொகுசுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. மலையடிவாரப் பாதையின் வளைவில் அது உயிர்ப் பிரச்சினை.

மறந்துபோகும் இரண்டு

முதலாவது, டயர். சாலைக்கும் நமக்கும் இடையே உள்ள முதல் வில் அதுதான். சிறு கற்களை விழுங்க வேண்டியது டயரின் காற்று. அளவுக்கு மேல் காற்றடித்தால் டயர் விறைத்து, எல்லாவற்றையும் அச்சுக்கு அனுப்பிவிடும். சரியான அளவு வண்டியின் கையேட்டிலோ, ஓட்டுநர் கதவின் சட்டத்திலோ அச்சிடப்பட்டிருக்கும். அதை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

இரண்டாவது, புஷ். சக்கரத்தைத் தாங்கும் கைகள் வண்டிச் சட்டத்தோடு சேரும் இடங்களில் ரப்பர் புஷ்கள் உண்டு. இரும்புக் குழாய்கள் இரண்டின் நடுவே ஒட்டப்பட்ட ரப்பர் அது. கை ஏறி இறங்கும்போது ரப்பர் முறுகிக் கொடுக்கும். இதை மாற்றும்போது வண்டி ஜாக்கியின்மேல் நிற்கும், சக்கரங்கள் தொங்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை முழுவதும் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையில் நிற்கும். மேடு வரும்போது மேலும் முறுக நேரும். முறுக முறுக ரப்பர் விறைக்கும். விரைவில் கிழிந்தும் போகும். சக்கரங்கள் வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். புதுப் புஷ் போட்ட மறுநாளே வண்டி கடினமாவதற்கு இது ஒரு காரணம்.

பட்டைவில்லுக்கும் இப்படி ஒரு நோய் உண்டு. பட்டைகளுக்கிடையே துருவேறினாலோ, ஷேக்கிள் ஊசிகள் கிரீஸ் காணாமல் இறுகினாலோ உராய்வு மிகும். அந்த நிலை உராய்வை மீறும்வரை வில் அசையவே அசையாது. பெரும்பள்ளத்தில் வேலை செய்யும் வில், சிறு மேடுகளில் மரக்கட்டைபோல் நிற்பதன் காரணம் இதுவே.

ஆராயும் முறை

மருத்துவர் மாத்திரை எழுதுமுன் கேள்வி கேட்பதில்லையா? நாமும் கேட்போம். கடினம் எப்போது தொடங்கியது? வெறும் வண்டியிலா, பாரத்திலா? முன்னாலா, பின்னாலா? சிறு கற்களில் "தடதட" என்றா, பள்ளத்தில் "டம்" என்றா? தடதடப்பு டயர், ஷாக் அப்சார்பர், புஷ், உராய்வு ஆகியவற்றைக் காட்டும். ஒற்றை இடி, ரப்பர் முட்டைக் காட்டும்.

பிறகு, காசு செலவில்லாதவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

1. குளிர்ந்த டயரில் காற்றழுத்தம்.

2. சமதரையில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் சக்கர மையத்திலிருந்து மேலேயுள்ள மட்கார்டின் விளிம்புவரை உயரம். இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா? வண்டிக்குரிய அளவோடு பொருந்துகின்றனவா?

3. ரப்பர் முட்டில் அடிபட்ட தடம், பளபளப்பு, நசுங்கல்.

4. ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விடுதல். ஒருமுறை எழுந்து அடங்கினால் நன்று; பலமுறை ஆடினால் ஷாக் அப்சார்பர் தளர்ந்தது; அழுத்தவே இடம் கொடுக்காவிட்டால் ஏதோ இறுகியிருக்கிறது. ஆயினும் கையால் அழுத்துவது மெதுவான சோதனை. இதில் தேறிய ஷாக் அப்சார்பர் கூரான மேட்டில் தவறக்கூடும்.

5. புஷ், ஷேக்கிள், பட்டைகள் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தல். வண்டிக்கு அடியில் பார்ப்பது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் நுழையக் கூடாது.

இவற்றைவிட முக்கியமான விதி ஒன்று: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றிய பின் அதே சாலை, அதே வேகம், அதே பாரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் மற்றவற்றை நிலையாக வைத்து ஒன்றை மட்டும் மாற்றுகிறீர்களே, அதே விதிதான். நான்கையும் ஒன்றாக மாற்றினால், எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பால்வண்டி குணமானது

நம் உரிமையாளர் இம்முறைப்படி பார்த்தார். காற்றை உரிய அளவுக்குக் குறைத்ததும் சிறு கற்களின் தடதடப்பு பாதி போயிற்று. ஆனால் பள்ளத்தில் "டம்" போகவில்லை. முன்பக்க ரப்பர் முட்டுகளில் அடிபட்ட தடம் தெரிந்தது. புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரங்கள் தரையில் நிற்கும்போது மீண்டும் இறுக்கச் செய்தார். அப்போது முன்பக்கம் இன்னும் சிறிது தாழ்ந்தது! முன்வில்களின் தளர்வை, முறுகிய ரப்பர் அதுவரை மறைத்து வந்திருக்கிறது. வண்டிக்குரிய அளவில் புதிய முன்வில்கள் போட்டதும் இடி நின்றது. கடைசியாக, சேர்த்த லீஃப்களை எடுத்துவிட்டுப் பத்து கேன்களும் ஏற்றி அளந்தார். பின்முட்டுக்கு 6 சென்டிமீட்டர் இடைவெளி மிச்சம் இருந்தது. அந்த லீஃப்கள் தொடக்கத்திலிருந்தே தேவைப்படவில்லை. தாழ்வது வில்லின் குறையன்று. தாழ்வதுதான் வில்லின் வேலை.

மொத்தத்தில், தேவைப்பட்டவை இரண்டு முன்வில்கள் மட்டுமே. அவர் முதலில் மாற்றியவற்றுள் அவை இல்லை. ஓர் அளவுநாடாவும் காற்றழுத்தமானியும் அரை நாள் பொறுமையும் இருந்திருந்தால், பால் விற்ற பணம் பெருமளவு மிச்சமாகியிருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டியும் வண்டியில் ஏறினார்.

செய்து பாருங்கள்

மென்மையான சுருள்வில் ஒன்றைத் தொங்கவிட்டு, நுனியில் எடை கட்டுங்கள். வில் எத்தனை சென்டிமீட்டர் நீள்கிறது என்று அளந்து, எடையை மெல்ல இழுத்து விட்டுப் பத்து ஆட்டங்களுக்கான நேரத்தைக் கணக்கிடுங்கள். நீட்சி 9 சென்டிமீட்டரானால் ஏறத்தாழ 6 விநாடி. 16 ஆனால் 8 விநாடி. 25 ஆனால் 10 விநாடி. (சுற்றுகள் ஒன்றையொன்று நெருக்கித் தொடும் வில்லில் இது சற்று மாறும்.) பிறகு எடையைத் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் மூழ்கியிருக்குமாறு ஆடவிடுங்கள், அடுத்து நல்லெண்ணெயில். ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று பாருங்கள். உங்கள் முன் ஆடி அடங்குவது ஒரு சிறு ஷாக் அப்சார்பரே.

கைப்பேசி இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். அதிலுள்ள முடுக்கமானியைப் பயன்படுத்தும் செயலி ஒன்றைத் திறந்து, பஸ்ஸிலோ வண்டியிலோ பயணியாகப் போகும்போது தரையில் வைத்து அதிர்வைப் பதிவு செய்யுங்கள். விநாடிக்கு ஒன்றிரண்டு முறை எழும் அகன்ற அலைகள் வண்டி உடலின் ஆட்டம். பத்து முறை அளவில் துடிக்கும் நெருக்கமான அலைகள் சக்கரத்தின் துள்ளல். எந்த அலை மிகுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே, எங்கே தேட வேண்டும் என்பது விளங்கிவிடும்.